பால் மகுடம்

இரண்டு வருடங்களுக்கு முன்பு ஒரு சனிக்கிழமை மதியம் நண்பன் அழைத்தான். விளம்பரப் படங்கள் செய்துதரும் சின்ன ஸ்டுடியோ வைத்திருக்கிறான். பாதாம் பால் விற்கும் ஒரு நிறுவனத்துக்கு அட்டைப்பெட்டியில் அச்சிட ஒரு படம் வேண்டுமாம். நடுவில் பாட்டில், அதைச் சுற்றி பால் எழும்பித் தெறிக்க வேண்டும். "மச்சி, நீதான் ஃபுளூயிட் ஃபுளூயிட்னு ஏதோ பண்ணிட்டே இருப்பியே, இதைப் பண்ணிக் குடுடா. ஒரே ஒரு ஸ்டில்தான்" என்றான்.

நான் பகலில் மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன். மெக்கானிக்கல் படித்துவிட்டு இந்தப் பக்கம் வந்துசேர்ந்த பெருங்கூட்டத்தில் ஒருவன். நேவியர்-ஸ்டோக்ஸ் சமன்பாட்டைத் தேர்வுக்கு முந்தைய இரவு மனப்பாடம் செய்து, மறுநாள் விடைத்தாளில் கொட்டிவிட்டு, அத்தோடு கைகழுவியவன். பல வருடம் கழித்து பிளெண்டர் மென்பொருளில் ஒரு டம்ளரில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தபோதுதான் அந்தச் சமன்பாடு எதைப் பற்றியது என்றே புரிந்தது. அந்த வெட்கத்தில் வந்த பொழுதுபோக்கு இது.

கிடைத்த வாய்ப்பை விடவில்லை. பாட்டிலின் உயரம் 20 செ.மீ., அதை அப்படியே வைத்தேன். பாலின் அடர்த்தி, பாகுநிலை எல்லாவற்றையும் தேடி எடுத்துச் சரியாகக் கொடுத்தேன். மூன்று இரவுகள் கணினி ஓடியது. வந்த படத்தில் பால் நூறு துண்டாகக் கிழிந்து, சின்னதும் பெரியதுமாகத் துளிகளாக உடைந்து, ஒரு பக்கம் சாய்ந்து கிடந்தது. எனக்கு அது பிடித்திருந்தது. வாடிக்கையாளர் நண்பனின் போனிலேயே என்னிடம் பேசினார். "தம்பி, கஷ்டப்பட்டுப் பண்ணிருக்கீங்க, தெரியுது. ஆனா இது பால் மாதிரி இல்லையே. யாரோ பக்கெட்டைக் கவுத்த மாதிரில்ல இருக்கு?"

அடுத்த இரவு எல்லா எண்களையும் மாற்றினேன். பாகுநிலையை ஏற்றினேன். பாட்டிலே சுண்டுவிரல் நகம் அளவுதான் என்று மென்பொருளிடம் பொய் சொன்னேன். வழவழவென்ற நாக்குகளோடு, நுனியில் உருண்டை உருண்டையாக முத்துகள் கோத்த ஒரு மகுடம் எழும்பியது. "இதான் தம்பி பால்!" என்றார் அவர்.

பணம் வந்துவிட்டது. ஆனால் அவர் சொன்ன "பால்" எது என்ற கேள்வி போகவில்லை. அவர் வீட்டிலும் தினமும் பால் காய்ச்சுவார்கள், ஊற்றுவார்கள், சிந்துவார்கள். எந்தச் சமையலறையிலும் யாரும் பார்த்திராத ஒரு வடிவம் எப்படி எல்லோர் மனதிலும் "பால்" என்று பதிந்தது? அதைத் தேடிப் போனதில் கிடைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

*

ஆர்தர் வொர்திங்டன் என்ற ஆங்கிலேய இயற்பியலாளர் 1870களின் நடுவில் தொடங்கி ஏறத்தாழ இருபது ஆண்டுகள் செய்த வேலையை ஒரு வரியில் சொல்லிவிடலாம். இருட்டறையில் உட்கார்ந்து, துளி விழுவதைப் பார்த்து வரைந்தார்.

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் நான்கு மில்லிமீட்டர் துளி ஒன்று அரை மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால், அது மோதி, எழும்பி, அடங்குவதெல்லாம் நூறில் சில பங்கு நொடிக்குள் முடிந்துவிடும். வொர்திங்டனின் ஏற்பாடு அபாரமானது. துளி ஒருபக்கம், ஒரு சின்ன உருண்டை மறுபக்கம். மின்காந்தம் இரண்டையும் ஒரே கணத்தில் விடுவிக்கும். உருண்டை போய் விழும்போது ஒரு மின்பொறி வெட்டும். அந்த வெளிச்சத்தில், நொடியின் மிக மிகச் சிறிய பங்குக்கு, தெறிப்பு அசையாமல் நிற்கும். பிறகு மறுபடி இருட்டு. கண்ணுக்குள் தங்கிய பிம்பத்தை அவர் உடனே வரைந்துகொள்வார். உருண்டையின் உயரத்தைக் கொஞ்சம் மாற்றினால் மின்பொறி கொஞ்சம் தாமதமாக வெட்டும். அடுத்த துளி, அடுத்த படம். பாதரசத் துளிகள், புகையேற்றிய கண்ணாடியில் விழும் பால் துளிகள் என்று வருடக்கணக்கில் இதே வேலை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரு துளிக்கு ஒரு கணம்தான் கிடைக்கும். ஒரே தெறிப்பின் கதை போல வரிசையாக அச்சான அவர் ஓவியங்கள் உண்மையில் வெவ்வேறு துளிகளின் வெவ்வேறு கணங்களைக் கோத்தவை. ஆகவே எந்தத் துளியைச் சேர்ப்பது, எதை விடுவது என்று தேர்ந்தெடுத்துத்தான் ஆகவேண்டும். அவர் தேர்ந்தெடுத்தவை அழகானவை. வட்டம் வட்டமாக இருந்தது. கதிர்கள் சம இடைவெளியில் விரிந்தன. மகுடம் உண்மையாகவே ராஜாவின் தலையில் வைக்கும்படி இருந்தது.

1894இல் அதே மின்பொறியைக் கொண்டு புகைப்படம் எடுக்க முடிந்தது. புகைப்படத்தில் வந்த தெறிப்புகள் கோணல்மாணலாக இருந்தன. ஒரு பக்கம் உயரம், மறுபக்கம் குட்டை. ஒரு பல் பருமன், பக்கத்துப் பல் முளைக்கவே இல்லை. வொர்திங்டன் தன் பழைய ஓவியங்களைத் திரும்ப எடுத்துப் பார்த்தார். எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான். கோணலான தெறிப்புகளையும் அவர் கை அன்றே வரைந்துதான் வைத்திருந்தது. கண் பார்த்திருக்கிறது, கையும் ஒப்புக்கொண்டிருக்கிறது. ஆனால் தொகுக்க உட்கார்ந்தபோது, இது ஏதோ தற்செயலான பிசகு, உண்மையான தெறிப்பு இப்படி இருக்காது என்று மனம் அவற்றை ஒதுக்கிவிட்டது.

இதை அவர் மறைக்கவில்லை. தன் கண்ணும் மனமும் செய்த வேலையைப் பொதுவில் ஒப்புக்கொண்டார். 1895இல் வந்த அவருடைய சின்னப் புத்தகத்தின் பெயரே 'ஒரு துளியின் தெறிப்பு'. லொரைன் டாஸ்டனும் பீட்டர் கேலிசனும் அறிவியலில் 'புறவயத்தன்மை' என்ற எண்ணம் எப்படி உருவானது என்பது குறித்து 2007இல் எழுதிய பெரிய நூல் இந்த வொர்திங்டன் கதையோடுதான் தொடங்குகிறது.

அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. நானும் அதைத்தான் செய்திருப்பேன். அளவீட்டில் இரைச்சல் இருந்தால் சராசரி எடு என்றுதான் நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ஆனால் ஆயிரம் தெறிப்புகளின் சராசரி என்பது அந்த ஆயிரத்தில் ஒன்றுகூட இல்லை. மகுடத்தின் விளிம்பில் பற்கள் முளைப்பதே சின்னச் சின்னப் பிசகுகளால்தான். குழாயை மெல்லத் திறந்துவைத்தால் கம்பியாக வரும் தண்ணீர் கொஞ்சம் கீழே துளித்துளியாக உடைகிறது இல்லையா? பெல்ஜியத்தின் பிளட்டோ 1870களில் விரிவாக ஆராய்ந்து, ரேலே பிரபு அந்தப் பத்தாண்டின் முடிவில் கணக்கிட்டுக் காட்டிய விஷயம் அது. பரப்பு இழுவிசை நீண்ட திரவக் கம்பியை வாழவிடாது. எங்கே சின்ன நெளிவு இருக்கிறதோ அதைப் பெரிதாக்கி அங்கே உடைக்கும். மகுடத்தின் விளிம்பும் வளைத்துவைத்த திரவக் கம்பிதான். நெளிவே இல்லாத பரிபூரண வளையம் பல் முளைக்காமல் அப்படியே நிற்கும். வொர்திங்டன் விலக்கிய அந்தக் கோணல் இல்லாவிட்டால் அவர் போற்றிய மகுடமே இல்லை.

*

அந்த மகுடத்தை உலகத்தின் சுவர்களில் மாட்டியவர் ஹெரால்ட் எட்ஜர்ட்டன். எம்.ஐ.டி.யில் மின்பொறியியல் ஆள். சுழலும் மோட்டார்களை ஆராய்வதற்காக 1930களின் தொடக்கத்தில் ஸ்ட்ரோபாஸ்கோப் விளக்கைக் கையில் எடுத்தவர், பிறகு வாழ்நாள் முழுக்க அந்த விளக்கை எதன்மேலெல்லாம் அடிக்கலாம் என்று தேடிக்கொண்டே இருந்தார். அதில் பால் துளியும் ஒன்று. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் 1937இல் நடத்திய புகைப்பட வரலாற்றுக் கண்காட்சியில் அவருடைய பால் துளி இடம்பெற்றது. உயிரின வடிவங்களைப் பற்றி டார்சி தாம்ப்சன் எழுதிய புகழ்பெற்ற நூலின் 1917 பதிப்பில் வொர்திங்டனின் தெறிப்புகள் இருந்தன, 1942 பதிப்பில் எட்ஜர்ட்டனின் புகைப்படமும் வந்து சேர்ந்தது. 1957இல் அவர் எடுத்த வண்ணப்படம்தான் நாம் எல்லோரும் எங்கோ பார்த்தது: சிவப்புப் பின்னணி, வெள்ளை மகுடம், மேலே இன்னொரு துளி இறங்கிக்கொண்டிருக்கிறது.

எட்ஜர்ட்டனுக்கு இன்னொரு முகமும் உண்டு. அவரும் கூட்டாளிகளும் 1947இல் தொடங்கிய நிறுவனம் அமெரிக்க அணுகுண்டுச் சோதனைகளைப் படம்பிடித்தது. அதற்கென்று அவர்கள் செய்த ராபட்ரானிக் கேமராவுக்கு அசையும் மூடியே கிடையாது. அவ்வளவு வேகத்தில் எந்த இரும்புத் தகடும் திறந்து மூடாது என்பதால், ஒளியைக் காந்தப்புலத்தால் தடுத்து விடுவித்தார்கள். குண்டு வெடித்து நொடியின் லட்சத்தில் சில பங்கு ஆனபோது எடுத்த அந்தப் படங்களில் நெருப்புக்கோளத்தின் அடியில் பற்கள் தொங்கும். கோபுரத்தைத் தாங்கும் கம்பிகள் ஆவியாவதால் வருபவை அவை. பால் மகுடத்தைப் பார்த்த கண்ணோடு அந்தப் படங்களைப் பார்த்தால் கொஞ்ச நேரம் பேச்சு வராது. இந்த உறவு இத்தோடு முடியவில்லை, திரும்பவும் வருகிறேன்.

*

புகைப்படம் வந்துவிட்டதால் விளம்பரக்காரர்களுக்கு உண்மையான தெறிப்பு கிடைத்துவிட்டதா என்றால், இல்லை. அவர்களுக்கு வேண்டியது கிடைக்கும்வரை ஐந்நூறு தடவை பாலை ஊற்ற வேண்டியிருந்தது. ஸ்டுடியோ விளக்குகளின் சூட்டில் எதுவும் தாங்காது. அதனால் பொருளுக்குப் பதில் பொருள் வைக்கும் ஒரு தனிக் கைத்தொழிலே வளர்ந்தது. ஐஸ்கிரீமுக்கு மசித்த உருளைக்கிழங்கு, கார்ன்ஃபிளேக்ஸ் கிண்ணத்தில் பாலுக்குப் பதில் வெள்ளைப் பசை, பாட்டில் மேல் பனித்துளிக்குக் கிளிசரின், ஐஸ்கட்டிக்கு அக்ரிலிக். தெறிப்பையே அக்ரிலிக்கில் சிற்பமாக வார்த்துக் கோப்பையின் விளிம்பில் ஒட்டுகிறவர்களும் இருந்தார்கள்.

இதில் எது பொய், எது வெறும் ஒப்பனை என்ற கேள்வி அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. 1959இல் ரேபிட் ஷேவ் என்ற சவர நுரைக்கு ஒரு தொலைக்காட்சி விளம்பரம் வந்தது. மணல் காகிதத்தின்மேல் நுரையைத் தடவி, உடனே பிளேடால் ஒரு இழுப்பு. மணல் சுத்தமாக வந்துவிடும். உண்மையில் அது காகிதமே இல்லை, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தகட்டின்மேல் தூவிய மணல். நிஜ மணல் காகிதத்தை அப்படிச் சிரைக்க 80 நிமிடம் போல ஊறவைக்க வேண்டியிருந்தது. கோல்கேட்-பாமாலிவ் நிறுவனத்துக்கு எதிரான அந்த வழக்கில் 1965இல் தீர்ப்பு வந்தது. அதில் உருளைக்கிழங்கு ஐஸ்கிரீமும் வாதத்துக்கு வந்தது. நீதிமன்றம் இரண்டையும் பிரித்துப் பார்த்தது. ஐஸ்கிரீமுக்குப் பதில் கிழங்கு வைத்தால் அது மேடைப்பொருள், அதைக் காட்டி எதையும் நிரூபிக்கவில்லை. மணல் காகிதம் அப்படி இல்லை. "நீங்களே கண்ணால் பாருங்கள்" என்று பார்ப்பவர் முன் சாட்சியாக அது நிறுத்தப்பட்டது. அந்தச் சாட்சிதான் பொய்.

சில வருடம் கழித்து கேம்பெல் சூப் விளம்பரப் படங்களில் கிண்ணத்தின் அடியில் கண்ணாடிக் கோலிக்குண்டுகளைப் போட்டு, காய்கறித் துண்டுகளை மேலே தள்ளிக் காட்டினார்கள் என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் பிடித்தது. கிண்ணத்துக்குள் இருந்தது உண்மையான சூப்தான். ஆனால் கோலிக்குண்டுகள் சூப்பின் செறிவைப் பற்றி ஒன்றைச் சொல்லின.

*

ரேபிட் ஷேவ் தீர்ப்பு வந்த அதே 1965இல், நியூ மெக்சிகோவின் லாஸ் அலமோஸில் ஃபிரான்சிஸ் ஹார்லோவும் எடி வெல்ச்சும் ஓர் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார்கள். விளம்பரத்துக்கும் அதற்கும் அன்று ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. லாஸ் அலமோஸ் அணுகுண்டு பிறந்த ஊர். குண்டுக்குள் உலோகமே திரவம் போல ஓடும். அதைக் கணக்கிடத்தான் உலகத்தின் வேகமான கணினிகள் அங்கே இருந்தன, திரவங்களைக் கணினியில் ஓட்டும் ஒரு குழுவும் இருந்தது. ஹார்லோ 1953இல் அங்கே சேர்ந்தவர். வெளியில் ஒன்றைக் கட்டம்கட்டமாகப் பிரித்து, அதற்குள் துகள்களை ஓடவிட்டு, துகள்கள் பொருளைச் சுமக்க, கட்டங்கள் விசையைக் கணக்கிடும் முறையை 1950களின் நடுவில் உருவாக்கியவர் அவர்தான். (புவெப்ளோ பழங்குடிகளின் மண்பானைகளைப் பற்றிப் புத்தகங்கள் எழுதிய நிபுணரும் அவரே. திரவம் நிற்கும் கலத்தின்மேலும் ஆசை இருந்திருக்கிறது!)

1965 கட்டுரையின் யோசனை இன்றும் நம் மென்பொருள்களின் அடித்தளத்தில் இருக்கிறது. அழுத்தத்தைக் கட்டத்தின் நடுவில் வை. வேகத்தைக் கட்டத்தின் சுவர்களில் வை. ஒரு கட்டத்துக்குள் எவ்வளவு வருகிறதோ அவ்வளவு வெளியே போக வேண்டும் என்று அழுத்தத்தைத் திருத்து. திரவம் எதுவரை இருக்கிறது என்று தெரிய, எடையில்லாத அடையாளத் துகள்களை மிதக்கவிடு. அவ்வளவுதான். நேவியர் 1822இலும் ஸ்டோக்ஸ் 1845இலும் எழுதிவைத்த சமன்பாட்டைக் கொண்டு ஒரு அலை எழும்பிக் கவிழ்வதை இப்போது கணினியில் பார்க்க முடிந்தது.

1967இல் ஹார்லோவும் ஜான் ஷானனும் இந்த முறையை வைத்து ஒரு துளி விழுவதைக் கணக்கிட்டார்கள். கட்டுரையின் தலைப்பு, ஏறக்குறைய வொர்திங்டனுடையதேதான்: 'ஒரு திரவத் துளியின் தெறிப்பு'. கணினியின் நினைவகம் போதாததால் முழு வட்டத்தைக் கணக்கிடவில்லை. ஒரு குறுக்குவெட்டை மட்டும் கணக்கிட்டு, அதையே அச்சைச் சுற்றிச் சுழற்றியதாகக் கொண்டார்கள். பரப்பு இழுவிசையை விட்டுவிட்டார்கள். ஆகவே கணினி பெற்ற முதல் தெறிப்பு நூறு சதவீதம் சமச்சீரானது. பல் இல்லை, முத்து இல்லை, கோணல் இல்லை. வொர்திங்டன் இருபது வருடம் வரைந்து, பிறகு வருத்தத்தோடு கைவிட்ட அந்த இலட்சியத் தெறிப்பு, எழுபது வருடம் கழித்து ஆயுத ஆய்வகத்தில் மறுபடி வந்துவிட்டது. இம்முறை யாருடைய மனமும் ஏமாறவில்லை. நினைவகம் போதவில்லை, அவ்வளவே.

*

பொறியாளர்கள் முப்பது வருடம் இதை அணைக்கட்டுகளுக்கும் கப்பல்களுக்கும் பயன்படுத்தினார்கள். 1996இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் நிக் ஃபாஸ்டரும் டிமிட்ரி மெட்டாக்ஸஸும் ஹார்லோ-வெல்ச் முறையைத் தூசிதட்டி எடுத்து அனிமேஷனுக்குக் கொண்டுவந்தார்கள். அதில் ஒரு தொல்லை இருந்தது. கால அடி கொஞ்சம் பெரிதானாலும் கணக்கு வெடித்துவிடும். தண்ணீர் திடீரென்று ஆகாயத்துக்குப் போய்விடும். 1999இல் யோஸ் ஸ்டாம் அதற்கு ஒரு வழி சொன்னார்: ஒவ்வொரு புள்ளியும் தான் எங்கிருந்து வந்தேன் என்று பின்னோக்கிப் பார்த்து, அங்கிருந்த வேகத்தை எடுத்துக்கொள்ளட்டும். எவ்வளவு பெரிய அடி எடுத்தாலும் வெடிக்காது. விலை, ஓட்டம் சீக்கிரம் களைத்துவிடும், சுழல்கள் மங்கிவிடும். பொறியாளருக்கு இது பிழை. ஸ்டாம் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார், படம் செய்பவருக்குத் துல்லியம் முக்கியமில்லை, பார்க்க நம்பும்படி இருக்க வேண்டும், வேகமாக வரவேண்டும்.

எனக்கு அந்தக் கட்டுரைதான் இந்த வரலாற்றின் திருப்பமாகத் தெரிகிறது. குண்டுக்கும் அணைக்கும் எழுதிய கணக்கில் 'சரியா' என்று கேட்டார்கள். அதன்பிறகு 'சரியாகத் தெரிகிறதா' என்று கேட்டார்கள். தெரிவது யாருடைய கண்ணுக்கு என்பதை யாரும் கேட்கவில்லை.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. 2001இல் ஃபாஸ்டரும் ரான் ஃபெட்கிவும் எழுதிய கட்டுரையும், அதே வருடம் வந்த 'ஷ்ரெக்' படத்தின் சேறும் பாலும். மாட்ரிட்டில் 1998இல் தொடங்கிய நெக்ஸ்ட் லிமிட் நிறுவனத்தின் ரியல்ஃப்ளோ மென்பொருள், பெரிய ஸ்டுடியோ அல்லாதவர்கள் கையிலும் தெறிப்பைக் கொடுத்தது. அதை உருவாக்கியவர்களுக்கு 2008இல் ஆஸ்கர் குழுவின் தொழில்நுட்ப விருது கிடைத்தது. அதில் பயன்பட்ட துகள் முறையின் பூர்வீகம் 1977. நட்சத்திரங்கள் உருவாவதைக் கணக்கிட வானியலாளர்கள் கண்டுபிடித்தது, ஆரஞ்சு ஜூஸில் வந்து முடிந்தது. 2005இல் யோங்னிங் ஜூவும் ராபர்ட் பிரிட்சனும் மணலை அனிமேட் செய்யப்போய், ஃபிலிப் என்ற முறையை வரைகலைக்குக் கொண்டுவந்தார்கள். அதுவும் லாஸ் அலமோஸ் சரக்குதான். 1986இல் பிராக்பில்லும் ரப்பெலும் ஹார்லோவின் பழைய துகள்-கட்ட முறையைத் திருத்தி எழுதியது. 2020 பிப்ரவரியில் வந்த பிளெண்டர் 2.82இல் மேண்டாஃப்ளோ என்ற பெயரில் இது இலவசமாகவே சேர்ந்தது. என் மடிக்கணினியில் ஓடிய பாதாம் பால் அதுதான். அமைப்புகளில் ஃபிலிப் விகிதம் என்று ஒரு எண் இருக்கும், கொடுத்தே வருவது 0.97. மீதி 0.03 ஹார்லோவின் 1950கள் முறை. ஏற்றினால் பால் துள்ளும், இறக்கினால் சோம்பும்.

துல்லியத்தின் விலையையும் சொல்லிவிடுகிறேன். கட்டத்தின் அளவைப் பாதியாக்கினால் கட்டங்கள் எட்டு மடங்காகும். கால அடியும் பாதியாக வேண்டும். ஆகப் பதினாறு மடங்கு வேலை. ஒரு இரவில் முடிந்தது இரண்டு வாரம் ஆகும். அதனால் நாங்கள் யாரும் துல்லியத்துக்குப் போவதில்லை. ஏமாற்றுகிறோம். கண்ணுக்குத் தெரியாத ஒரு வளைகோட்டை வரைந்து, துகள்களை அதைச் சுற்றி இழுக்கிறோம். நூறு பிரேம் ஓட்டி ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறோம். 47ஆம் பிரேமின் இடது பக்கத்தையும் 52இன் வலது பக்கத்தையும் ஒட்டுகிறோம். வெவ்வேறு துளிகளின் கணங்களைக் கோத்த வொர்திங்டன் இப்போது சிரித்திருப்பார்.

இன்னொரு வேடிக்கை. அசையாத பாலில் நேராக ஒரு உருண்டையை விழவைத்தால் கணினி ரொம்ப ஒழுங்கான தெறிப்பைத் தரும். அது பொம்மை மாதிரி இருக்கும். அதனால் 'இரைச்சல்' என்று ஒரு விசையைச் சேர்த்துக் கொஞ்சம் கலைக்கிறோம். கொஞ்சம்தான். வாடிக்கையாளர் முகம் சுளிக்காத அளவுக்கு. வொர்திங்டன் மனமறியாமல் வடிகட்டிய கோணலை நாங்கள் சிட்டிகை அளந்து உப்புப் போடுவது போலப் போடுகிறோம்.

காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2005இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் லெய் ஷூ, வெண்டி ஜாங், சிட்னி நேகல் மூவரும் உலர்ந்த வழவழப்பான பரப்பில் துளிகளை விழவைத்து, சுற்றியுள்ள காற்றை மெல்ல உறிஞ்சி எடுத்தார்கள். காற்றழுத்தம் ஓர் அளவுக்குக் கீழே போனதும் தெறிப்பே நின்றுவிட்டது. துளி சத்தமில்லாமல் தோசை மாவு போலப் பரவிப் படுத்தது. அப்படிப்பட்ட பரப்பில் தெறிக்கவைப்பது காற்று! நாங்கள் பயன்படுத்தும் மென்பொருள்களில் பெரும்பாலும் காற்று என்பதே கணக்கில் கிடையாது. பாலுக்கு வெளியே வெறும் சூன்யம்.

*

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா கோயிலுக்குப் போன நேரத்தில் சமையலறையில் நானே சோதித்துப் பார்த்தேன். சிவப்பு பிளாஸ்டிக் தட்டு, அதில் மெல்லிய ஏடாகப் பால், மேலே இங்க் ஃபில்லர், பக்கத்தில் நொடிக்கு 240 படம் எடுக்கும் போன். ஒரு தெறிப்புக்கு மகுடம் நான்கைந்து படத்தில்தான் வந்தது. நாற்பது துளிக்குப் பிறகு ஒன்றே ஒன்று ஓரளவுக்கு எட்ஜர்ட்டன் மாதிரி விழுந்தது. அதன் அகலம் ஒரு ரூபாய்க் காசைவிடக் கொஞ்சம் பெரிது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த உருண்டை முத்துகள், வழவழ விளிம்பு எல்லாம் அந்த அளவில்தான் சாத்தியம். பரப்பு இழுவிசையின் அதிகாரம் சில மில்லிமீட்டர் தூரம்தான் செல்லும். அதற்குமேல் வேகமும் எடையும் ஆளும். பாட்டில் உயரத்துக்கு எழும்பும் பால் என் முதல் படத்தைப் போலத்தான் கிழியும்.

உலகம் பார்த்துப் பழகிய பால், காசளவு மகுடம். விளம்பரம் அதை முழ உயரத்துக்குப் பெரிதாக்கிப் பாட்டிலைச் சுற்றி நிறுத்துகிறது. முழ உயரத்தில் அப்படி நிற்க வேண்டுமானால் அது பாலாக இருக்க முடியாது. பாலின் பாகுநிலை தண்ணீரைப் போலச் சுமார் இரண்டு மடங்குதான். நான் கடைசியில் கொடுத்த எண் கெட்டியான கிரீமுக்கு உரியது.

திரும்பி வந்த அம்மா தட்டையும் அடுப்புமேடையையும் பார்த்தாள். "அரை லிட்டர் பாலை இப்படியா ஊத்துவாங்க?" என்றாள். பிறகு தட்டைச் சாய்த்து, வழிந்த பாலைப் பார்த்துவிட்டு, "தண்ணியா இருக்கு, பால்காரரைக் கேக்கணும்" என்றாள்.

பால் கெட்டியா தண்ணியா என்று நம் வீடுகளில் எப்போதும் இப்படித்தான் பார்க்கிறார்கள். சாய்வான வழவழப்பான பரப்பில் ஒரு சொட்டு விடு. நல்ல பால் மெதுவாக, வெள்ளைத் தடம் விட்டு இறங்கும். தண்ணீர் கலந்தது தடமில்லாமல் ஓடிவிடும். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமே வீட்டில் செய்து பார்க்கச் சொல்லும் சோதனை இது. ஆகவே பால் ஓடும் விதம் நமக்கு ஒப்பனை இல்லை, சாட்சி. பெட்டியின்மேல் கெட்டியாக எழும்பி நிற்கும் பாலைப் பார்க்கும் கண் "அழகாக இருக்கிறது" என்பதோடு நிற்காது, "கெட்டியாக இருக்கிறது" என்றும் படித்துக்கொள்ளும். உருளைக்கிழங்கா, மணல் காகிதமா என்று 1965இல் கேட்டார்களே, அந்தக் கேள்விக்கு என் படம் என்ன பதில் சொல்லும் என்று யோசித்துப் பார்த்தேன். கோலிக்குண்டுகளுக்குப் பக்கத்தில்தான் அதற்கு இடம். ஒரே வித்தியாசம், கோலிக்குண்டைக் கிண்ணத்தைக் கவிழ்த்தால் எடுத்துக் காட்டலாம். என் குண்டு ஒரு மென்பொருளின் ஓரப் பெட்டியில் இருக்கும் ஓர் எண்.

நண்பனிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். "டேய், எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க. நீ சரியான பாலைப் போட்டா அவங்க பால்தான் தண்ணினு நினைப்பாங்க. அது நியாயமா?" என்றான். அதற்கும் என்னிடம் பதில் இல்லை. பாதாம் பாலை வாங்கிக் குடித்துப் பார்த்தேன். நன்றாகவே இருந்தது. சுமாரான கெட்டி.

போன மாதம் மறுபடி அழைத்தான். இம்முறை நல்லெண்ணெய். கம்பியாக ஊற்றி, கீழே மடிப்பு மடிப்பாகச் சுருண்டு விழ வேண்டுமாம், தேன் மாதிரி. "எண்ணெய் அப்படி மடியாதுடா" என்றேன். "தெரியும்" என்றான். உழக்கு எண்ணெயை வாங்கி ஊற்றிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறேன். பழைய கோப்பைத் திறந்தபோது, நிராகரிக்கப்பட்ட அந்த முதல் பாலின் 61ஆம் பிரேம் இன்னும் அதில் கிடந்தது. ஒரு பக்கம் சரிந்து, கிழிந்து, நூறு துளியாக.